மல்லி தின்ற படையல்

1

போன வருஷம் இதே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணன் செத்துப்போனார் என்று இந்தத் தோட்டத்துக் குழாயடியில் தலை முழுகினேன். அதே நேரத்தில் அண்ணன் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று மதினியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு தெரிந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் வேறு ஒன்றும் வந்துவிடுகிறது.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர். பிறந்தது வளர்ந்தது திண்டுக்கல் நாகல் நகர். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, ஒன்பது வயது மகனோடு கப்பலேறி வந்தேன். என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். காய்ச்சலுக்குக் கலக்கி ஊற்றுகிற மருந்து, புண்ணுக்குக் கட்டு, பாம்புக்கடிக்கு ஓட்டம், எல்லாம் அவர்தான். ஊரார் உடம்பையெல்லாம் பார்த்தவர் தன் உடம்பைப் பார்க்காமல் விட்டுவிட்டார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் செல்வம் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். வீட்டில் நானும் மல்லியும்தான்.

மல்லி நாய். ரப்பர்ப் பால் சேர்க்கிற ஸ்டோருக்குப் பின்னால் ஆறு குட்டிகளில் ஒன்றாகக் கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் காப்பிப்பொடி நிறம். நிலக்கோட்டைப் பூச்சந்தையை நினைத்து நான்தான் மல்லி என்று பேர் வைத்தேன். தோட்டத்தில் எல்லாரும் டைகர், ஜிம்மி என்று வைத்துக்கொண்டிருக்க, டீச்சர் வீட்டு நாய்க்கு மட்டும் பூவின் பேர் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

2

ஊரில் இருக்கிறவர்கள் நினைப்பது போல இங்கே தினமும் ஒன்றும் நடப்பதில்லை. விடிவதற்கு முன்னால் சங்கு ஊதும், ஆள்கள் பெரட்டுக்குப் போவார்கள், அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு. நான் எழுந்து உலை வைப்பேன். காலையில் பெரும்பாலும் பழைய சோறும், நெத்திலியை வறுத்து மிளகாயோடு அரைத்த சம்பலும். திண்டுக்கல்காரிக்கு மீன் எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்டால், ஒத்துக்கொள்ளவில்லை, பழகிப்போயிற்று. நெத்திலித் தலையெல்லாம் மல்லிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முட்டி வலி. வீட்டுக்காரர் விட்டுப்போன தைலம் தீர்ந்து இப்போது கடைத் தைலம். சாயங்காலம் மழை. மழை பெய்யாத சாயங்காலத்தை இந்த ஊரில் எண்ணிவிடலாம். திண்டுக்கல்லில் குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்துக் கிடந்தவளுக்கு, ஆரம்பத்தில் மழையைப் பார்த்தாலே வயிறு நிறைந்தது. பன்னிரண்டு வருஷம் பார்த்தபின் வாசலை எட்டிப்பார்க்கக்கூடத் தோன்றுவதில்லை.

இதையெல்லாம்தான் அண்ணனுக்கு எழுதுவேன். என்ன சாப்பிட்டேன், உடம்பு எப்படி, எந்த ஊருக்குப் போய் வந்தேன், மல்லி என்ன செய்தது. வேறு எதையும் எழுதுகிற உரிமை எங்களுக்குள் இல்லாமல் போயிருந்தது. அதற்குக் காரணம் அம்மாவின் சாவு.

அம்மா இறந்தபோது என் வீட்டுக்காரர் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது ஊருக்குத் தெரியாது. கடல் தாண்டி இருக்கிறவர்கள் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நான் எல்லாக் கடிதத்திலும் 'இங்கு அனைவரும் நலம்' என்றே எழுதிவந்தேன். அம்மா செத்த செய்தி தந்தியில் வரவில்லை. கிளம்பினாலும் நேரத்துக்கு வந்து சேரவா போகிறாள் என்று கடிதத்தில்தான் எழுதினார்கள். எனக்கு வருகிற கடிதங்கள் டவுனில் காதர் கடை விலாசத்துக்குத்தான் வரும். காதருக்குத் திண்டுக்கல் பேகம்பூர். என் வயதுக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார், எங்கள் ஊர்ப் பேச்சைப் பேச இந்தப் பக்கத்தில் எனக்கு இருக்கிற ஒரே ஆள். நான் ஈப்போவில் இருந்ததால் கடிதம் வந்தால் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு ஊர் வழக்கப்படி அதைக் கிழித்துப் போட்டார். இழவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டோம், வாசலிலேயே கிழித்துவிடுவோம். திரும்பி வந்த என்னிடம் துண்டுகளைக் காட்டித்தான் காதர் அழுதார். வாயால் சொல்லவில்லை.

நான் ஊருக்குப் போகவில்லை. போக முடியவில்லை. 'பெத்தவளுக்கு வராதவள் இனிமேல் யாருக்கும் வர வேண்டாம்' என்று அண்ணன் ஒரே வரி எழுதினார். இரண்டு வருஷம் கடிதம் இல்லை. இடையில் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு மதினிதான் யாரையோ நாலு வரி எழுதச் சொல்லி அனுப்பினாள்.

அப்புறம் ஒரு தடவை மதினிக்கு எழுதும்போது, துணைக்கு ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறேன், பேர் மல்லி என்று போட்டேன். அடுத்த தபாலில் அண்ணன் கையெழுத்து. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நாய்க்கு என்ன வெஞ்சனம் போடுகிறாய்? வெறும் சோறு போட்டால் எலும்பு வளராது. காதில் உண்ணி இருக்கிறதா பார்' என்று ஒரு பக்கம். அண்ணனுக்கு நாய் என்றால் உயிர். சின்ன வயதில் தெருநாய்க்கு இட்லியைக் கொடுத்துவிட்டுத் தானும் பட்டினி கிடந்து உதை வாங்கியவர். என்னோடு பேச அவருக்கு வெட்கமாக இருந்தது, நாயைப் பற்றிக் கேட்க வெட்கமில்லை. அப்படித்தான் நாங்கள் மறுபடியும் அண்ணன் தங்கையானோம்.

3

போன வருஷம் செல்வத்தைப் பார்க்க சிங்கப்பூர் போனேன். போக வர ரயில், அங்கே மூன்று நாள். பிள்ளை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டான். மேஜையில் உட்கார வைத்து ரொட்டியும் முட்டையும் கொடுத்தான். "அம்மா, நீங்கள் எடுங்கள் இன்னும் ஒன்று" என்றான். ஒன்பது வயது வரை என் மடியில் திண்டுக்கல் பேச்சுப் பேசினவன். திருத்தலாமா என்று நாக்கு வரை வந்தது. இருபது வருஷமாக ஊரான் பிள்ளைகளைத் திருத்துகிறவள், அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டேன். இன்னும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள்களில் மல்லிக்குச் சோறு வைக்கிற வேலை காதருக்கு. அவர் நாயைத் தொட மாட்டார். எட்ட நின்று இலையைத் தள்ளிவிட்டு, "தின்னு தாயி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓடிவருவார்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் நீலக் காகிதம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஊர்க் கடிதம். மல்லி வாலை ஆட்டிக்கொண்டு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் முகத்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தது. காதர்தான் பிரித்துப் படித்துவிட்டுக் கிழித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

துண்டுகளைப் பொறுக்கினேன். எப்போதும் வருகிற அண்ணன் கையெழுத்து இல்லை. அவர் மகன் முத்துவின் கையெழுத்து. பாதிக்கு மேல் நனைந்து மை கலைந்திருந்தது. 'அப்பாவுக்கு' என்று ஒரு துண்டு. 'மதுரை ஆஸ்பத்திரியில்' என்று ஒன்று. 'உங்களையே' என்று இன்னொன்று. அவ்வளவுதான் படிக்க முடிந்தது.

அப்படியே கிளம்பி டவுனுக்குப் போனேன். காதர் கடையில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கடுதாசி வந்துச்சா காதர்?" என்றேன்.

தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன கேட்பது? கேட்டால் அவர் சொல்ல வேண்டும், சொன்னால் நான் கேட்க வேண்டும். ஒரு தடவை பட்டது போதாதா அவருக்கும்? பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். காதருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து அன்றைக்கு மூன்றாவது நாள் என்பதும், மறுநாள் ஈப்போவுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறார் என்பதும், கடிதத்தை அவர் பிரிக்கவே இல்லை, என் வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. அத்தனை நாள் தனியாகக் கிடந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்தது யார் என்பதைக் கட்டிலுக்கு அடியில் இருந்தவள் சொல்லவா போகிறாள்?

4

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அண்ணன் தீட்டு மூன்று நாள்தான். நான் பதினாறு நாளும் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குச் செய்யாததையும் சேர்த்துச் செய்கிறோம் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். லீவுப் புத்தகத்தில் ஆபீஸ் கிராணியார் 'அண்ணன் மரணம்' என்று பதிந்தார். கிராணியார் என்றால் இங்கே தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிறவர். செல்வத்துக்கு எழுதினேன். அவனிடமிருந்து வெள்ளைப் பூப்படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. ஆழ்ந்த அனுதாபம் என்று இங்கிலீஷில் அச்சடித்து, கீழே அவன் கையெழுத்து. மாமன் தோளில் உட்கார்ந்து மலைக்கோட்டை ஏறினவன்.

மதினிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். மனதைத் தேற்றிக்கொள், முத்துவுக்கு நீதான் தைரியம் சொல்ல வேண்டும், உன் கையில் வளையல் இல்லாமல் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் வரவில்லை என்றெல்லாம். எழுதி எழுதி அழுதேன்.

பதினாறாம் நாள் படையல் போட்டேன். அண்ணனுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், கறி வறுவல், வெல்லப் பணியாரம். மொச்சை இங்கே லேசில் கிடைக்காது, காதர் தேடிக் கொடுத்தார். பல்லைப் பிடுங்கிய வாயோடு "ஆருக்கு என்ன விசேசம்மா?" என்று கேட்டதை, எனக்காக எதுவும் தெரியாதது போலப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டு, "எல்லாம் தெரிஞ்சதுதானே காதர்" என்று சொல்லி வந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ. கடைசியில் அவரிடம் வாங்கின திண்டுக்கல் சுருட்டு ஒன்றையும் இலையோரம் வைத்தேன். அண்ணன் படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. என் கல்யாணப் படம். அதில் ஓரத்தில் நிற்கிற அண்ணனைப் பாதியில் வெட்டிவிட்டான் படம் எடுத்தவன். அந்தப் பாதி அண்ணனுக்கு விளக்கேற்றி, இலையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டேன்.

பன்னிரண்டு வருஷம் இந்தத் தோட்டத்தில் இருந்தும் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. இங்கே காக்கை கிடையாது. மைனா உண்டு, மீன்கொத்தி உண்டு, பேர் தெரியாத பச்சைப் பறவை உண்டு. காக்கை ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரர் காரியத்தில் இலையை ஆண்கள்தான் கொண்டுபோய் வைத்தார்கள், நான் உள்ளேயே இருந்துவிட்டேன். ரப்பர் மரங்களுக்குள் என் குரல் போய்த் திரும்பி வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். யாருக்கும் நான் சொல்லவில்லை, சொன்னால் வந்திருப்பார்கள். ஆனால் வந்து யாரென்று அழுவார்கள்? அண்ணனைப் பார்த்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. ரொம்ப நேரம் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். மல்லி வந்தது. என்னைப் பார்த்தது, இலையைப் பார்த்தது. நான் விரட்டவில்லை. அது கறியை முதலில் தின்றது.

5

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காதர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். விலாசம் அண்ணன் கையெழுத்து. சாய்ந்து சாய்ந்து, அவர் வேலை பார்க்கிற காய்கறி மண்டியில் சீட்டு எழுதுகிற அவசரத்தோடு. அதைத் திருப்பிக் காதரிடமே நீட்டினேன், அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.

'தங்கச்சிக்கு. நான் இறந்துபோன செய்தி உன் கடிதம் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உன் மதினி வளையலைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், என்ன செய்ய? தொண்டையில் கட்டி என்று அறுத்தார்கள். அறுக்கும் முன் உன்னைப் பார்க்க வேண்டும் என்று முத்துவை எழுதச் சொன்னேன். தினமும் ரயிலடிக்கு ஆள் அனுப்பினேன். நீ என்னைச் சாகடித்துவிட்டு அங்கே இருந்துவிட்டாய். மல்லி எப்படி இருக்கிறது?'

வாசல் படியில் உட்கார்ந்து சிரித்தேன். காதர் பயந்துபோனார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன்னத்தில் கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"எம் பல்லுனாலயா டீச்சரம்மா இம்புட்டும்?"

"ஒம்ம பல்லு பாதி, இவ பல்லு பாதி" என்று மல்லியைக் காட்டினேன்.

அந்தச் சிரிப்பு அன்றைக்கு மட்டுந்தான். தினமும் ரயிலடிக்கு ஆள் அனுப்பினேன் என்ற வரி அதன் பிறகு என்னை விடவில்லை. உயிரோடு இருந்த ஒருத்தர் எனக்காகக் காத்திருந்த நாள்களில் நான் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருஷக் கடைசி விடுமுறையோடு சேர்த்து லீவு கேட்டேன். கிராணியார் புத்தகத்தைப் புரட்டினார்.

"காரணம்?"

"அண்ணனுக்கு உடம்பு சரியில்ல."

"இந்தப் புஸ்தகத்துல உங்க அண்ணன் இறந்துட்டாரே, டீச்சர்."

"அதே அண்ணன்தான் சார். இருக்காரு."

"ரெண்டு அண்ணனா?"

"ஒரே அண்ணன்."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே ஆள் செத்ததற்கும் ஒரு லீவு, பிழைத்ததற்கும் ஒரு லீவு கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். மூன்று நாள் நடந்தபின், பழைய பதிவை அடித்து 'தலைவலி' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் புது லீவு கொடுத்தார். பிறகு பாஸ்போர்ட் ஆபீஸ், அம்மை ஊசி, காலரா ஊசி, திரும்பி வர அனுமதிச் சீட்டு. குறித்த நாளுக்குள் திரும்பாவிட்டால் உள்ளே விட மாட்டோம் என்று அந்த மலாய்க்கார ஆபீசர் மரியாதையாகவே சொன்னார். பிறந்த ஊருக்குப் போவதற்கும் நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். ஊசி போட்ட கை வீங்கி, பினாங்கில் கப்பலேறும்போது பெட்டியை இடது கையால்தான் தூக்கினேன்.

6

ஏழு நாள் கப்பல், நாகப்பட்டினம், அங்கிருந்து ரயில். திண்டுக்கல் மலை தெரிந்ததும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன், ரயில் நிற்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் வாடை வந்தது. ஊரில் இருந்த காலத்தில் மூக்கைப் பொத்துகிற வாடை. அன்றைக்குப் பொத்தவில்லை.

முத்து வந்திருந்தான். இருபத்தைந்து வயதுக்கு அண்ணனைப் போலவே தோள். குதிரை வண்டியில் போகும்போது வண்டிக்காரரிடம் நான் "பெலான் பெலான் போப்பா" என்றிருக்கிறேன். மெதுவா என்பதற்குப் பதில் மலாய் வந்துவிட்டது. "அத்த, குதிரைக்கு அம்புட்டு பாஷை தெரியாது" என்றான் முத்து.

அண்ணனைப் பார்த்ததும் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். ஒட்டன்சத்திரத்து வண்டிகள் வந்து இறங்கினதும் அவர் போடுகிற சத்தம் நாகல் நகர் வரை கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையில் துணி சுற்றியிருந்தது. காற்றுத்தான் வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும்.

"எங்கத்தா மல்லி?"

"நாய எப்படிண்ணே கப்பல்ல கூட்டியார?"

"அத விட்டுட்டா வந்த?" என்று கோபித்துக்கொண்டார்.

மதினி கையில் வளையல் குலுங்கியது. என்னைக் கட்டிக்கொண்டு, "எம் புருசனத் தின்னுட்டுல்ல வந்திருக்க, பாவி மக" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த ஒரு மாதமும் நான் தின்ற சோறு இன்னும் வயிற்றில் இருக்கிறது. கம்பஞ்சோறு, கத்தரிக்காய், சீராட்டு. அண்ணனுக்கு மட்டும் கஞ்சி. காலையில் இன்னும் மண்டிக்குப் போவார். ஸ்டூலில் உட்கார்ந்து விரலைக் காட்டுவார், முத்து அதைச் சத்தமாகச் சொல்வான். வியாபாரிகள் பழைய பயத்தோடு அந்த விரலைப் பார்ப்பார்கள். ஒரு நாள் கூடப் போய் நின்றேன். என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"எனக்கு என்னென்ன வச்சுப் படச்ச?"

"போண்ணே."

"சொல்லுத்தா. எவனுக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பின?"

சொன்னேன். மொச்சை, கத்தரிக்காய், கறி, பணியாரம் என்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சுருட்டு என்றதும் மதினியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"காக்கா எடுத்துச்சா?"

"அங்க காக்கா கிடையாதுண்ணே."

"பெறகு?"

"மல்லி தின்னுச்சு."

சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தார். இருமல் வந்து மதினி முதுகைத் தடவிக் கொடுத்தாள். "சுருட்டையுமா?" என்றார். மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது என்றேன். "எனக்கு இல்லாத புத்தி" என்றார். முத்துவும் சிரித்தான். எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின் அண்ணன் கேட்டார்.

"கூட ஆரு இருந்தா?"

"எப்ப?"

"படச்சன்னிக்கு. பதினாறு நாளும்."

"மல்லிதான்."

"அழுக ஆரு வந்தா?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம், காலமெல்லாம் கடிதத்தில் எழுதின பொய்தானே. வாயில் வரவில்லை.

"ஆரும் வரலண்ணே."

"ஒத்தையிலயா அழுத? பதினாறு நாளும்?"

"ஆமாண்ணே."

அண்ணன் முகம் மாறிப்போயிற்று. அம்மா செத்தபோது நான் ஏன் வரவில்லை என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவே இல்லை. அன்றைக்கு அது கேட்கப்படாமலே தீர்ந்துபோயிற்று என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே முத்து, இங்க வா. எனக்கு நாளப்பின்ன ஒண்ணுன்னா ஒங்க அத்தைக்கு எழுதக் கூடாது."

"என்னப்பா பேசுறீக?"

"எழுதாதன்னா எழுதாத. ஒருக்கா அழுதாச்சுல்ல எனக்கு? போதும். நாலு பேரு இல்லாத எடத்துல இவ இன்னொருக்கா ஒத்தையில ஒக்காந்து அழுக வேணாம். நல்லாருக்கேன்னே எழுது. நாய விசாரிச்சு எழுது. கையில அடிச்சுச் சொல்லு."

மதினி தடுத்துப் பார்த்தாள். நான் கோபப்பட்டேன், அழுதேன். முத்து என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கடைசியில் அவர் நீட்டிய உள்ளங்கையில் அடித்தான்.

7

திரும்பி வந்து ஒன்பது மாதம் ஆகிறது. மல்லிக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் நின்றால் தெரிகிறது, அந்தப் பக்கம் நின்றால் மோப்பம் பிடித்துத்தான் வருகிறது. என் முட்டி வலிக்கு டவுன் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைத் தின்றால் வலி குறைகிறது, வயிறு எரிகிறது. செல்வம் விடுமுறைக்கு வருவதாக எழுதினான், பிறகு வர முடியவில்லை என்று எழுதினான். காதர் பல் கட்டிக்கொண்டார்.

அண்ணன் மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஆறு கடிதம். ஒவ்வொன்றிலும் மல்லிக்கு ஒரு வைத்தியம், எனக்கு ஒரு திட்டு. அதற்கப்புறம் வந்த மூன்று கடிதம் முத்து எழுதியிருக்கிறான். 'அப்பா சௌக்கியம். கை நடுங்குவதால் என்னை எழுதச் சொன்னார்கள். மல்லிக்கு என்ன வெஞ்சனம் போடுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்கள்.' மூன்றிலும் இதே வரி, எழுத்து மாறாமல். கண்ணில் பூ விழுந்ததை எழுதினேன். அதற்கு அண்ணன் ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். மல்லிக்கு என்ன வெஞ்சனம் என்றுதான் பதில் வந்தது.

முத்து நல்ல பிள்ளை. கை அடித்துக் கொடுத்தவன்.

காதர் ஒரு தந்தி கொடுத்துக் கேட்கலாம் என்கிறார். கப்பலில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றும் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதில் எழுதும்போது மல்லி காலையில் எத்தனை நெத்திலித் தலை தின்றது, எந்தக் காதைச் சொறிகிறது, எந்தப் பக்கம் படுக்கிறது என்று முன்னைவிட விவரமாக எழுதுகிறேன். அண்ணனுக்கு விவரம் வேண்டும்.

இதைத் திண்டுக்கல்காரர்கள் பலர் படிப்பீர்கள். மண்டிக்குக் காலையில் காய் வாங்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். தொண்டையில் துணி சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து விரலைக் காட்டி ஏலம் விடுகிற ஆளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஸ்டூலில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும். தயவு செய்து எனக்கு எழுதாதீர்கள்.